கெரில்லா 450 வாங்கலாமா? 150 சிசியிலிருந்து மாறுகிறவருக்கு என் பதில்

கேள்வி இது: "எட்டு வருடமாக ஒரு 150 சிசி வண்டி ஓட்டுகிறேன். உயரம் 5 அடி 5 அங்குலம். தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்குப் போய்வர வேண்டும். மாதம் ஒருமுறை மனைவியோடு ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். ராயல் என்ஃபீல்டு கெரில்லா 450 பிடித்திருக்கிறது. ஆனால் அது அதே நிறுவனத்தின் இமாலயன் இன்ஜினை எடுத்துப் போட்ட வண்டிதான், ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 தான் மேல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கொடுக்கிற காசுக்குத் தகுமா அண்ணா?"

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெரில்லா என்னிடம் ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஸ்பீடு 400 என் தம்பியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். அதனால் இரண்டில் எதையும் தூக்கிப்பிடிக்கவோ தாழ்த்தவோ எனக்குக் காரணம் இல்லை. என் பதில்: நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு கெரில்லா பொருத்தமான வண்டி. ஆனால் இரண்டு இடங்களில் அது உங்களைச் சோதிக்கும். ஒன்று பெட்ரோல் டேங்க், இன்னொன்று பின் சீட். அந்த இரண்டையும் முன்பே தெரிந்துகொண்டு வாங்கினால் வருத்தம் இருக்காது.

நண்பர்கள் பேசும் எண்களிலிருந்து ஆரம்பிப்போம். (ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது, பிஎஸ் என்பது பவரின் அளவு.) கெரில்லாவில் 452 சிசி, லிக்விட் கூல்டு, ஒற்றை சிலிண்டர். 8,000 ஆர்பிஎம்மில் 40 பிஎஸ். ஸ்பீடு 400-இல் 398 சிசி, அதுவும் லிக்விட் கூல்டு ஒற்றை சிலிண்டர்தான்; அதுவும் 8,000 ஆர்பிஎம்மில் 40 பிஎஸ். காகிதத்தில் இரண்டும் ஒன்று. சரி, ஜிஎஸ்டி ரோட்டில் (நீங்கள் தினமும் போகும் செங்கல்பட்டு-கிண்டி நெடுஞ்சாலை) காலை எட்டே முக்காலுக்கு 8,000 ஆர்பிஎம் வரை எத்தனை முறை போவீர்கள்? வாரத்துக்கு ஒருமுறை போனாலே அதிகம். இந்த ரக வண்டியை எடைபோட வேண்டியது மணிக்கு 25-லிருந்து 70 கி.மீ. வரையிலான வேகத்தில். நம் வாழ்க்கை ஓடுவது அங்கேதான். அதற்குப் பார்க்க வேண்டியது டார்க், அதாவது இன்ஜினின் இழுவை. கெரில்லாவில் 40 நியூட்டன் மீட்டர், 5,500 ஆர்பிஎம்மில். ஸ்பீடில் 37.5, அதுவும் 6,500-இல். இரண்டரை நியூட்டன் மீட்டர் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். அந்த ஆயிரம் ஆர்பிஎம் முன்னதாக வருவதுதான் வித்தியாசம்.

வண்டலூர் தாண்டி பெருங்களத்தூர் வரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, இடப்பக்கம் ஷேர் ஆட்டோ, வலப்பக்கம் கார். வேகம் முப்பது, சில நேரம் இருபத்தைந்து. கெரில்லாவை அங்கே மூன்றாவது கியரில் போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக விட்டும் பிடித்தும் போய்க்கொண்டே இருக்கலாம். பேருந்து ஒதுங்கியதும் கியரைக் குறைக்காமலே முறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். தம்பியின் ஸ்பீடில் அதே இடத்தில் இடது கால் தானாகவே ஒரு கியர் கீழே தட்டும். தட்டினால் அதுவும் அழகாகப் பாயும், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு 90 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அந்தக் கிளட்ச் பிடிப்புகள் சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் சேரும். வீட்டு வாசலில் இறங்கும்போது இடது கை விரல்கள் அந்தக் கணக்கைச் சொல்லும். இரண்டு வண்டியிலும் ஸ்லிப்-அசிஸ்ட் கிளட்ச்தான், பிடிக்க லேசாகவே இருக்கும். ஆனாலும் பிடிக்காமலே இருப்பது இன்னும் லேசு.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. கெரில்லாவை 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே விட்டு முறுக்காதீர்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. 2,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு பதினாறு பதினேழு வெடிப்புதான் வரும். ஒவ்வொன்றும் பெரிய வெடிப்பு, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளிதான் "கட் கட்" என்று உடம்பில் தெரிகிறது, செயின் தட்டும் சத்தமாகக் காதில் கேட்கிறது. இது கோளாறு இல்லை, பெரிய சிங்கிள் எல்லாவற்றின் சுபாவமும் இதுதான். உங்கள் 150 சிசி இன்ஜின் சின்ன பிஸ்டன் என்பதால் இதை அவ்வளவாகக் காட்டியிருக்காது. அதனால் முதல் வாரம் "என்னடா இது உதறுகிறது" என்று நினைப்பீர்கள். இரண்டாவது வாரத்தில் அந்த இடத்துக்கு மேலேயே வண்டியை வைத்திருக்கக் கை பழகிவிடும்.

இமாலயன் இன்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்கள் சொல்வது உண்மைதான். 2023 நவம்பரில் வந்த இமாலயன் 450-க்காக ராயல் என்ஃபீல்டு செய்த ஷெர்பா இன்ஜின் அது. அந்த நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லிக்விட் கூல்டு இன்ஜின். 2024 ஜூலையில் கெரில்லாவில் வந்தது. ஆனால் "எடுத்துப் போட்டார்கள்" என்று அதைக் குறையாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மூட்டை முடிச்சோடு மலைமேல் மெதுவாக ஏற வேண்டும் என்று செய்த இன்ஜினுக்குக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை இருந்தே ஆக வேண்டும். பெருங்களத்தூர் நெரிசலும் ஒரு ஆளைப் பின்னால் வைத்து ஏறும் மேம்பாலமும் கேட்பது அதே இழுவையைத்தான்.

இன்ஜினைச் சுற்றி இருப்பதை நிறையவே மாற்றியிருக்கிறார்கள். இமாலயனில் முன் சக்கரம் 21 அங்குலம், இதில் முன்னும் பின்னும் 17. சீட் உயரம் அங்கே 825 மி.மீ., இங்கே 780. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 1,510-இலிருந்து 1,440 மி.மீ. ஆகியிருக்கிறது. எடை 196 கிலோவிலிருந்து சுமார் 185-க்கு வந்திருக்கிறது. இமாலயனை வளைவில் சாய்ப்பதற்கு ஒரு நொடி முன்பே யோசிக்க வேண்டும். கெரில்லாவில் பார்வை போன பக்கம் வண்டி போகிறது.

உங்கள் உயரத்துக்கு 780 மி.மீ. சீட் தாராளம், இரண்டு பாதமும் தரையில் பதியும். ஆனால் கால் எட்டுவது மட்டும் போதாது. 185 கிலோ என்றால் உங்கள் பழைய வண்டியைவிட ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டை கூடுதல். ஓடும்போது அந்த மூட்டை காணாமல் போய்விடும். பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போது திரும்ப வந்துவிடும். ஷோரூமில் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வராதீர்கள். லேசான சரிவில் நிறுத்தி, இறங்கி நின்று, பின்னால் தள்ளிப் பாருங்கள். உங்கள் அலுவலகப் பார்க்கிங் அடித்தளத்தில் இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். ஒரு விஷயம் தெரியுமா, இதே நிறுவனத்தின் ஹண்டர் 350 எடை 181 கிலோ. அதன் பவர் 20 பிஎஸ்தான். நாலே கிலோ கூடுதலுக்கு இரண்டு மடங்கு பவர் என்று பார்க்கும்போது கெரில்லாவின் எடை எனக்கு உறுத்தவில்லை.

இனி பின் சீட். இதைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். வாங்கும்போது எல்லாரும் மறப்பது இதைத்தான், மூன்றாம் மாதம் வீட்டில் பேச்சு வருவதும் இதில்தான்.

ரோட்ஸ்டர் (கெரில்லா மாதிரியான சாலை வண்டி) என்ற வடிவமே ஓட்டுகிறவருக்காகச் செய்தது. பின்னால் இருப்பவருக்கு மிச்சம் கிடைக்கும் இடம்தான். கெரில்லாவில் ஒரே நீள சீட் என்பதால், பின்னால் ஒரு படி தூக்கிய ஸ்போர்ட்ஸ் வண்டிகளைவிட எவ்வளவோ மேல். ஆனால் பின் சஸ்பென்ஷன் இறுக்கமாக இருக்கிறது. தனியாக ஓட்டும்போது அந்த இறுக்கம் வளைவில் நம்பிக்கை தரும். பின்னால் இருப்பவருக்கு அது ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பில் போய் இறங்கும். போன வருடம் நானும் மனைவியும் ஏலகிரி போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. மேலே ஏறும்போது அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலும் வண்டி அலட்டாமல் ஏறியது. இறங்கும்போதுதான் தோளில் தட்டினார். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அவர் முன்னால் சரிந்து வந்து, என் முதுகைக் கையால் தாங்கித் தாங்கி மணிக்கட்டு வலித்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் ஒரு கியர் கீழே போட்டு இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்கப் பழகினேன். பெரிய சிங்கிளில் அது நன்றாகவே வேலை செய்யும். அப்புறம், அவரை ஒரு கையால் என் இடுப்பையும் மறு கையால் பின்னால் இருக்கும் கைப்பிடியையும் பிடிக்கச் சொன்னேன். அடுத்த பயணத்தில் தட்டல் இல்லை. இரண்டு பேர் போகும்போது பின் மோனோஷாக்கின் ப்ரீலோடை, அதாவது பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஒரு படி கூட்டி வையுங்கள். அதற்கான ஸ்பேனரைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எனவே டெஸ்ட் ரைடுக்கு மனைவியை அழைத்துப் போங்கள். சேலையில் ஒரு பக்கமாக உட்காரும் வழக்கம் உள்ளவர் என்றால் வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்த வண்டி அதற்கு ஏற்றதில்லை. சேலைக் காப்பு மாட்டித் தருவார்கள், அது சட்டம். ஆனால் 40 பிஎஸ் வண்டியில் இரு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

டேங்க் 11 லிட்டர்தான். ஸ்பீடில் 13, கேடிஎம் 390 டியூக்கில் 15. எனக்கு லிட்டருக்கு 28 கி.மீ. கிடைக்கிறது. நீங்கள் தினம் 90 கி.மீ. ஓட்டினால் மூன்று நாளுக்கு ஒருமுறை பங்க்கில் நிற்க வேண்டும். ஏலகிரி மாதிரி இடத்துக்கு செங்கல்பட்டிலிருந்து போய்ச் சேர்ந்துவிடலாம், திரும்பும்போது நிரப்பாமல் வர முடியாது. தேசிய நெடுஞ்சாலையில் இது பிரச்சினை இல்லை. ஜவ்வாது மலை மாதிரி பங்க் குறைவான பக்கம் போனால் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் செலவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் ஓட்டினால் 2,250 கி.மீ. உங்கள் பழைய வண்டி 45 கொடுத்திருந்தால் 50 லிட்டர் ஆகியிருக்கும். இதற்கு 80 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,000 ரூபாய் கூடுதல். இஎம்ஐ மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இந்த மூவாயிரத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை.

விலையில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கோடு இருக்கிறது: 350 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40. அதற்கு முன் பெரிய வண்டிக்கு செஸ் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது. கெரில்லா வந்தபோது ஆரம்ப விலை 2.39 லட்சம், அதில் வரி போக வண்டியின் விலை ஏறத்தாழ 1.82 லட்சம். அந்த 1.82 லட்சத்துக்கு இன்றைய கணக்கில் வரி மட்டும் 73 ஆயிரம். இதே விலையுள்ள வண்டி 350-க்குள் இருந்தால் 33 ஆயிரம்தான். இன்சூரன்ஸிலும் இதே கோடுதான். 2022 ஜூன் முதல் வந்த விகிதத்தில், புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-க்கு மேல் 15,117. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம் வேறு. எல்லாம் சேர்த்தால் ஆன்ரோடு விலை மூன்று லட்சத்தைத் தாண்டும். உங்கள் மனம் இரண்டேகால் லட்சத்தில் நின்றுகொண்டிருந்தால் 350 சிசி வண்டிகளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தினசரி 90 கி.மீ. நெடுஞ்சாலை ஓட்டம் இருப்பதால்தான் நான் உங்களுக்கு 450 பக்கம் சாய்கிறேன். 20 பிஎஸ் வண்டியை 90 வேகத்தில் வைத்துக்கொண்டே இருப்பது இன்ஜினுக்கும் சுமை, லாரியைத் தாண்டும்போது உங்களுக்கும் பயம். கெரில்லா ஆறாவது கியரில் 90-இல் நிம்மதியாகப் போகும். தாண்டுவதற்கு இன்னும் நிறைய மிச்சம் வைத்திருக்கும்.

பிரேக் நன்றாக இருக்கிறது. முன்னால் 310 மி.மீ., பின்னால் 270 மி.மீ. டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இல்லை என்பது. ஸ்பீடு 400-இல் இருக்கிறது. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் சாலையில் இரும்புத் தகடு போட்டிருப்பார்களே, மழை நாளில் அதன்மேல் திருப்பத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின் சக்கரம் ஒரு விரற்கடை நகர்வது தெரியும். மழைக்கு ஈகோ மோடில் போட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டர் மெத்தென்று ஆகிவிடும், பாதி வேலை முடிந்தது.

மே மாதச் சூடு பற்றிக் கேட்பார்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது வெப்பக் காற்று காலில் படும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் தெரியும், நகர்ந்தால் போய்விடும். மெல்லிய காட்டன் பேன்ட்டுக்குப் பதிலாக ஜீன்ஸ் போட்டால் போதும்.

அப்படியானால் ஸ்பீடு 400 யாருக்கு? தனியாக ஓட்டுகிறவருக்கு, இன்ஜினைச் சுழலவிட்டு ஓட்டுவதில் சந்தோஷப்படுகிறவருக்கு. வந்தபோது அதன் எடை 176 கிலோ, அந்த லேசு திருப்பத்தில் தெரிகிறது. முன்னால் அப்சைடு டவுன் ஃபோர்க் (தலைகீழாகப் பொருத்திய முன் சஸ்பென்ஷன்). வண்டியின் முடிப்பு, பெயின்ட், ஒவ்வொரு போல்ட்டும் உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். சர்வீஸ் இடைவெளி 16,000 கி.மீ.; வருடத்துக்கு 27 ஆயிரம் ஓட்டப்போகிற உங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதனால் நண்பர்கள் சொல்வதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், அவர்கள் ஓட்டும் ஓட்டம் வேறாக இருக்கலாம். 390 டியூக் இன்னும் ஒரு படி கூர்மையான வண்டி, பவரும் கூடுதல். ஆனால் நெரிசலில் அது உங்களை அவசரப்படுத்திக்கொண்டே இருக்கும். மனைவியோடு மலைக்குப் போகிற உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினைத் துடைத்து லூப் (செயினுக்கான மசகு ஸ்ப்ரே) அடிக்க வேண்டும். உங்களுக்கு அது வாரம் ஒருமுறை. இழுவை அதிகமுள்ள வண்டியில் வறண்ட செயின் ஸ்ப்ராக்கெட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். சனிக்கிழமை சாயங்காலம் வண்டி சூடாக இருக்கும்போதே அடித்துவிட்டால் இரவெல்லாம் ஊறும். பின் டயர் 160 அகலம், மாற்றும்போது பழைய வண்டி டயரைவிடப் பல மடங்கு ஆகும். உங்கள் ஓட்டத்துக்கு வருடம் ஒன்று என்று எடுத்து வையுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், ஒரு பழைய அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல வருடம் முன்பு வேறொரு வண்டி எடுத்தபோது, டெலிவரி நாளில் மாலையும் இனிப்பும் கொடுத்த சந்தோஷத்தில் நான் வண்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பின் டயர் ஒன்றரை வருடம் பழையது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1425 என்றால் 2025-இன் பதினான்காம் வாரம். பில் போடுவதற்கு முன்பே போய், இரண்டு டயரிலும் அந்த எண்ணைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டி தயாரான மாதத்தைக் கேளுங்கள். செயின் தொய்வைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எதுவும் இழுபடுகிறதா என்று கவனியுங்கள்.

டெஸ்ட் ரைடில் ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதும் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அருகில் இருக்கும் மேம்பாலத்துக்குப் போய், மனைவியைப் பின்னால் வைத்து, மூன்றாவது கியரில் முப்பது வேகத்தில் ஏற்றத்தைத் தொடங்குங்கள். அடுத்து அதே வழியில் ஸ்பீடு 400-ஐயும் ஓட்டுங்கள், முடிந்தால் அதே நாளில். இறங்கியதும் வண்டி எப்படி இருந்தது என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவருக்கும் ஒரு நல்ல ஹெல்மெட் அதே பட்ஜெட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.